பேக்கரி முதலாளியின் சீட்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை. தூக்கி எறிவதில்தான் தொடங்கியது. என்றைக்கு ஒரு குகைவாசி, தின்று முடித்த எலும்பை ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று மூலையில் சாத்தி வைக்காமல் வெளியே வீசினானோ, அன்றைக்குத்தான் குரங்கு ஒரு பக்கமும் மனிதன் ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள். இதை எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் முழுநீளக் கட்டுரையாக எழுதியிருக்கிறேன். படித்தவர் யாரும் மறுக்கவில்லை. படித்தவரே யாரும் இல்லை என்று என் நண்பர்கள் சொல்வது பொறாமை.

நான் சொன்னபடி வாழ்கிறவன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. மை தீர்ந்த பேனா அன்றே குப்பைக்குப் போகும். அறுந்த செருப்புக்கு நான் இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் எதிர்ச்சுவர் தெரியும். எங்கள் வீட்டில் ஒன்றின் அடியில் இன்னொன்று இல்லாத ஒரே இடம் அதுதான். விருந்தாளி வந்தால் அம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள்.

மற்ற இடமெல்லாம் அப்பா.

அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய், கொல்லைப்புறம் நுழைந்து, குனிந்து, மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது உத்தியோகம். யார் வீட்டுக் கொல்லையில் என்ன கிடக்கிறது என்பது போலீஸுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். அப்படித்தான் தோட்டத்து டிராக்டர்கள் அவர் கண்ணில் பட்டன.

வயல் உழுகிற டிராக்டரைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் தோட்டத்து டிராக்டர். மேலே உட்கார்ந்து ஓட்டினால் அதன் வயிற்றுக்கு அடியில் பிளேடு சுற்றிப் புல்லை வெட்டும். ஒரு காலத்தில் எங்கள் பகுதியில் வீட்டைச் சுற்றிப் புல்தரை வைப்பது கௌரவம். அப்புறம் எல்லோரும் புல்தரைமேல் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்திவிட்டார்கள். டிராக்டர்கள் தார்ப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. “சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துக்கட்டுமா?” என்று அப்பா கேட்டால், “தாராளமா எடுத்துட்டுப் போங்க சார், பாம்பு அடையுது, தள்ளிவிட ஆளும் தரேன்” என்பார்கள். இந்த ஊரில் அப்பா கேட்டு யாரும் இல்லை என்று சொல்லாத ஒரே விஷயம் இதுதான்.

முதலாவதாக வந்தது பேக்கரி முதலாளி வீட்டு டிராக்டர். அந்த முதலாளியைப் பார்த்தாலே அவர் கடைச் சரக்கில் கலப்படம் இல்லை என்று நம்பிக்கை வரும். விற்றது பாதி, தின்றது பாதி என்று வளர்ந்த உடம்பு. அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கென்றே சீட்டுக்குக் கீழே கெட்டியான ஒரு ஸ்பிரிங்கைத் தனியாகச் சொல்லிப் போட்டு வாங்கியிருந்தார். அகலமான சீட், தடித்த மெத்தை, முதுகுக்கு அணை. ராஜா உட்காரலாம். அதில் அப்பா உட்கார்ந்தால் கட்டிலில் காயப்போட்ட துண்டு மாதிரி இருக்கும். அப்பாவின் சட்டை கொடியில் தொங்குகிறதா, அவர்மேல் தொங்குகிறதா என்று கண்டுபிடிக்க, மேலே தலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“நான் கடைசியா ஓட்டினப்போ நல்லாத்தான் ஓடுச்சு” என்று சொல்லித்தான் பேக்கரி முதலாளி கொடுத்தார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார் டாக்டர் மாமா.

டாக்டர் மாமா பக்கத்து வீட்டுக்காரர், பல் டாக்டர். கிளினிக்கை மகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். மனிதர் ஓய்ந்துவிட்டார், கை ஓயவில்லை. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி, பல்லைச் சுரண்டுகிற கம்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கொல்லையில் டிராக்டர்கள் சேர்ந்துகொண்டிருந்த எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். கார்புரேட்டர் துவாரத்தை அவர் சுத்தம் பண்ணும்போது பார்க்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் தொற… ஆங்… அவ்வளவுதான்” என்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் முன் எஞ்சினைத் தட்டிக்கொடுத்து, “வலிக்காது” என்பார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் அந்த வார்த்தையை நம்புவதில்லை என்று ஊரில் பேச்சு.

வைத்தியம் இப்படி நடக்கும். அப்பா சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். டாக்டர் மாமா பிளக்கை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு அதன் நுனியைப் பார்ப்பார். நீலமாக ஒரு பொறி வர வேண்டும். வராது. பொறியைக் கொடுப்பது காயில் என்று உள்ளங்கையளவு ஒரு சாமான். ஆகவே காயில் போச்சு. ஆகவே காயிலுக்காக இன்னொரு டிராக்டர் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்ததை உடனே பிரித்துப்போட அப்பாவுக்கு மனசு வராது.

“பாவம், இதுவே ஓடுமோ என்னவோ. முதல்ல இதைப் பார்ப்போம் டாக்டர்.”

பார்ப்பதற்கு உட்கார வேண்டும். ஊரிலுள்ள மீட்டருக்கெல்லாம் குனிந்து குனிந்து அப்பாவின் முதுகு போயிருந்தது. மற்ற டிராக்டர்களின் சீட்டெல்லாம் பிஸ்கட் டின் மூடி மாதிரி இருக்கும். அதனால் எந்த வண்டி வந்தாலும் அவருக்கு முதல் வேலை, பேக்கரி முதலாளியின் சீட்டைக் கழற்றி அதில் மாட்டுவது. எல்லாம் ஒரே கம்பெனி வண்டிகள். நாலு போல்ட், கீழே செருகுவதற்கு ஒரு ஒயர், பொருந்திவிடும்.

“உட்கார்ற இடம் சரியா இருந்தாத்தான்டா மூளை வேலை செய்யும்” என்பார்.

மூளை வேலை செய்யும். சாவி திருப்புவார். பொறி வராது.

“இதுலயும் காயில் போச்சு டாக்டர்.”

“இந்த ஊர்த் தண்ணி சரியில்ல” என்பார் டாக்டர் மாமா. பல்லுக்கும் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த வண்டியையும் பிரித்து, கார்புரேட்டர் தனி, கப்பி தனி, பிளேடைச் சுற்றவைக்கிற ரப்பர் பெல்ட் தனி என்று டப்பாக்களில் போட்டு, மேலே மூடிவைத்து, “எதுக்கும் இருக்கட்டும்” என்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஆமென் சொல்வது போல இருக்கும். ஒரு நோயாளியைப் பிழைக்க வைக்க ஐந்தாறு பேரை அறுத்துப் போட்டு, அந்த ஒரு நோயாளியும் பிழைக்காத ஆஸ்பத்திரி எங்கள் ஷெட். ‘உறுப்பு தானம் செய்தவரும் சுகமில்லை, பெற்றவரும் சுகமில்லை’ என்று நான் ஒரு அறிவிப்பு எழுதிக் கதவில் குத்தி வைத்தேன். அப்பா அதை நிதானமாகப் படித்தார். காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, குத்தியிருந்த ஆணியை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டார். எதுக்கும் இருக்கட்டுமாம்.

அம்மா தையல்காரி. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போகிறவர்கள் அவள் நாற்காலியை ஒரு தடவையும், துணிக் குவியலை ஒரு தடவையும் தாண்டிப் போக வேண்டும். திரும்பி வரும்போது சொட்டச் சொட்டத் தாண்டக்கூடாது, திட்டு விழும். ஊரில் எல்லோருடைய இடுப்பளவும் மார்பளவும் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவின் அளவு யாருக்கும் தெரியாது. இன்ச் டேப் அவள் கழுத்தில் கிடப்பதால் அது எப்போதும் வெளிப்பக்கமாகவே அளக்கும்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவுக்கு ஆர்டர் வருகிற மாதிரி ஆயிற்று. பள்ளி முழுக்க யூனிஃபார்ம். இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் போட வேண்டும், இரண்டு பேரை வேலைக்கு வைக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் முன் இடத்தைப் பார்க்கத் திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“இங்க பாருங்க” என்றாள் அம்மா, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அப்பா அசையாமல் ஓரிடத்தில் இருப்பது அப்போதுதான். “பாத்ரூம் வாசல்ல உட்கார்ந்து தைக்கிறேன்னு சொன்னா ஆர்டர் கொடுப்பாங்களா?”

“பாத்ரூம் வாசல்னு ஏன் சொல்ற? நடைன்னு சொல்லு.”

“எனக்கு ஷெட் வேணும். நல்ல வெளிச்சம், பெரிய ஜன்னல். மூணு மெஷின் தாராளமா போடலாம். இந்த ஆர்டர் போனா இன்னொண்ணு வராது, எனக்குத் தெரியும்.”

“இன்னும் ஒரே ஒரு காயில் கிடைச்சாப் போதும்மா. ஓடிடும்.”

“போன வருஷமும் இதே ஒரே ஒரு காயில்தான். அது ஒரே ஒரு காயிலா, ஒவ்வொரு காயிலா?”

அப்பா தண்ணீர் குடித்தார்.

அம்மா நியாயஸ்தி. யாரும் அவளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிடக்கூடாது. அதனால் ஒரு சட்டம் போட்டாள். “சனிக்கிழமை காலைல லாரி வரும். அதுக்குள்ள எந்த வண்டி தன் கால்ல ஷெட்டைவிட்டு வெளிய வருதோ, அது இந்த வீட்டுல இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வராததெல்லாம் லாரியில ஏறணும், நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“சம்மதம்” என்றார் அப்பா. சம்மதிக்காமல் என்ன செய்வார். வீரன் களத்தில் பின்வாங்க முடியாது, அதிலும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு.

லாரிக்கு ஏற்பாடு செய்தது அடியேன். நாகரிகத்துக்கு என்னால் ஆன தொண்டு.

சனிக்கிழமை காலை பழைய இரும்புக்காரர் லாரியைப் பின்பக்கமாக ஓட்டி வந்து ஷெட் வாசலை அடைத்தாற்போல நிறுத்தினார். அவர் தராசு இல்லாமலே எடை சொல்லுகிறவர். எதைப் பார்த்தாலும் கண் ஒரு நொடி சுருங்கும், வாயில் எடை வந்துவிடும். “அந்த எஞ்சின் ஒரு சிமெண்ட் மூட்டை. இந்தப் பிளேடு மூடி அரை மூட்டை.” நான் வாசலில் நின்று வரவேற்றேன். என்னையும் ஒரு நொடி பார்த்தார். நல்லவேளை, சொல்லவில்லை.

உள்ளே அப்பாவும் டாக்டர் மாமாவும் கடைசி முயற்சியில் இருந்தார்கள். இருந்ததிலேயே முழு உருவமாக நின்றது ஒரே ஒரு டிராக்டர்தான், கடைசியாக வந்தது. அதன்மேல் பேக்கரி முதலாளியின் சீட். அதன்மேல் அப்பா. சுற்றிலும் தரை தெரியாமல் டப்பாக்கள், கால் இல்லாத எஞ்சின்கள், எஞ்சின் இல்லாத கால்கள்.

“பிளக் புதுசு. காயில் மூணாவது. கார்புரேட்டர்ல ஒரு சொத்தை கிடையாது” என்றார் டாக்டர் மாமா. “இதுக்கு மேல இதுக்கு என்ன கேடு?”

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் ‘கிர்ர், கிர்ர்’ என்று சுற்றியது. தூங்குகிறவனை எழுப்பினால் திரும்பிப் படுப்பானே, அந்த மாதிரி.

“முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே அம்மா கழுத்தில் டேப்போடு உள்ளே வந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

“முதல்ல நீங்க எழுந்திருங்க. ஜன்னலை அளக்கணும், கால் வைக்க இடமில்ல.”

அப்பா எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதவி போனவர்கள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கும்போது நாற்காலியின் கையை ஒரு தடவை தடவுவார்கள், அதுபோல ஸ்டியரிங்கைத் தடவினார். அம்மா டப்பாக்களை ஒதுக்கி வழி தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ‘சரிதான்’ என்று டிராக்டர்மேல் ஏறி அந்த ராஜ சீட்டில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே டேப்பை ஜன்னல் பக்கம் வீசினாள்.

“டேய், அந்த முனையைப் பிடி.”

பிடித்தேன். பக்கத்தில் நின்றிருந்த அப்பாவின் கை சாவிமேல் இருந்தது. அணைக்கத்தான் திருப்பினாரா, கடைசியாக ஒரு தடவை என்று திருப்பினாரா, அவருக்கே தெரியாது.

ஒரு தும்மல். ஒரு இருமல். அப்புறம் தடதடவென்று தகரக் கூரை அதிர, கருநீலப் புகை எழும்ப, டிராக்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

அம்மா ‘ஐயோ’ என்று துள்ளி எழுந்தாள். எஞ்சின் நின்றது.

பழைய இரும்புக்காரர் வாசலிலிருந்து, “ஓடுச்சே?” என்றார்.

அப்பா பாய்ந்து சீட்டில் ஏறினார். சாவியைத் திருப்பினார். கிர்ர், கிர்ர். மறுபடியும் திருப்பினார். கிர்ர்.

“தங்கச்சி” என்றார் டாக்டர் மாமா, மிகவும் மெதுவாக. “இன்னொரு தடவை உட்காரு.”

“எதுக்குண்ணே?”

“சும்மா உட்காரேன். வலிக்காது.”

அம்மா உட்கார்ந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். தடதடதட. அம்மா எழுந்தாள். நிசப்தம். உட்கார்ந்தாள், சாவி திரும்பியது. தடதடதட. இன்னொரு தடவை எழுந்து உட்கார்ந்திருந்தால் அதற்குத் தாளமே கிடைத்திருக்கும்.

டாக்டர் மாமா தரையில் மண்டியிட்டு வாய்க் கண்ணாடியைச் சீட்டுக்கு அடியில் நீட்டினார். நானும் அப்பாவும் குனிந்தோம். ஸ்பிரிங்குக்கு நடுவில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. மேலே ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கினால் அந்த ஸ்விட்ச் அழுந்தும். அழுந்தினால்தான் பொறி. ஆள் கீழே விழுந்துவிட்டால் பிளேடு சுற்றிக்கொண்டே போகக்கூடாது என்று கம்பெனிக்காரன் வைத்த காவல். பேக்கரி முதலாளியின் ஸ்பிரிங்குக்கு அப்பா ஆளே இல்லை. காற்று.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்பதும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எங்கள் ஷெட்டில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம்.

“என்ன அங்க மூணு பேரும் கிசுகிசு? ஏன் நான் உட்கார்ந்தா மட்டும் ஓடுது?”

“உன் கைராசி” என்றார் அப்பா.

“கைல நான் எதையுமே தொடலையே.”

“அப்போ… பொதுவா ராசி.”

பழைய இரும்புக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவர் கண் ஒரு நொடி சுருங்கியது. வாய் திறந்தது.

“அண்ணே, டீ சாப்பிடறீங்களா?” என்று அப்பா கத்தினார். எஞ்சின் ஓடாத நேரத்தில் அவ்வளவு சத்தம் தேவையில்லை.

அம்மா யாரையும் பொருட்படுத்தவில்லை. இறங்கினாள். ஒரு துணியின் மடிப்பைப் பார்க்கிற மாதிரி சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். அப்பாவின் தோளிலிருந்து இடுப்புவரை கண்ணாலேயே அளந்தாள்.

“ஸ்பிரிங் அமுங்கினாத்தான் ஓடும்போல” என்றாள். “இத்தனை வருஷம் நீங்க மேல ஏறி உட்கார்ந்திருக்கீங்க. உங்களை அது ஒரு ஆளாவே மதிக்கல.”

டாக்டர் மாமா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் டேப்பின் முனையைப் படித்தேன். அதில் எண்களைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

அப்பா அவமானப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஆபத்தான வெளிச்சம்.

“டாக்டர்… அப்படின்னா காயில் எதுவும் போகல.”

“ம்.”

“ஒண்ணுகூட போகல. வந்த வண்டி எல்லாமே ஓடற வண்டி. நாமதான் எல்லாத்துலயும் இந்தச் சீட்டை மாட்டி மாட்டி… அப்படின்னா எல்லாத்தையும் ஓட வச்சிடலாம்! ஆறையும்! வேற சீட் போட்டா…”

அம்மா திரும்பினாள். நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். டேப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே வந்தவள், இப்போது ஒன்றுக்கு ஆறாக உயிர் பிழைக்கப்போகிற ஷெட்டின் நடுவில் நிற்கிறாள். திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவாள்?

ஆனால் அவள் குரல் உயரவில்லை. “ஓட்டுங்க” என்றாள். “லாரி நிக்குது. சட்டம் அதேதான். எது வெளிய வருதோ அது இருக்கட்டும். எந்த ஆறு? காட்டுங்க, நானும் பார்க்கறேன்.”

அப்பா சுற்றிப் பார்த்தார். காட்டுவதற்குக் கையைத் தூக்கினார். ஒரு எஞ்சினைக் காட்டினார், அதற்குக் கார்புரேட்டர் இல்லை. இன்னொன்றைக் காட்டப் போனார், அது பாதி எஞ்சின். நன்றாக இருந்த எல்லாவற்றையும் நன்றாக ஆக்குவதற்காக அவரே கழற்றிப் போட்டிருந்தார். கை தானாகக் கீழே இறங்கியது. ஒரு டப்பாவைத் திறந்து அதிலிருந்து ஒரு காயிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

“இதுவும் நல்லா இருந்திருக்கும்” என்றார். இன்னொன்றை எடுத்தார். “இதுவும்.”

காயிலைக் கையில் வைத்துக்கொண்டே, “டாக்டர், உங்க தொழில்ல இப்படி எப்பவாவது ஆகியிருக்கா?” என்று கேட்டார்.

டாக்டர் மாமா பல் சுரண்டுகிற கம்பியைச் சட்டைப் பையில் செருகினார். “வலிக்குதுன்னு ஒருத்தன் வந்தான்” என்றார். “எடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா, வலிச்சது பக்கத்துப் பல்லு.”

“அவன்கிட்ட சொன்னீங்களா?”

“ரெண்டையும் எடுத்தாத்தான் சரியாகும்னு சொன்னேன்.”

அப்பா தலையாட்டினார். புரிந்துகொண்ட தலையாட்டல்.

அதற்குள் அம்மா சீட்டில் ஏறியிருந்தாள். “எப்படி ஓட்டறது, சொல்லுங்க.”

“எதுக்கு?”

“இந்த ஒண்ணு ஓடுதுல்ல? சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கு. நான் உட்கார்ந்தாத்தானே ஓடும். வேற யாரு இதை வெளிய கொண்டுபோறது, பேக்கரி முதலாளியா?”

இரும்புக்காரர் ஓடிப்போய் லாரியை நகர்த்தினார். அப்பா பக்கத்திலேயே நடந்துகொண்டு பாடம் சொன்னார்.

“இடது காலை எடு.”

“எடுத்துட்டேன். எடுத்த காலை எங்க வைக்க?”

“மெதுவா, மெதுவா… ஸ்டியரிங்கைத் தையல் மெஷின் சக்கரம்னு நினைச்சுக்கோ.”

“அது நிமிஷத்துக்கு ஆயிரம் தையல் போடும். அந்த மாதிரி ஓட்டவா?”

டிராக்டர் வெளியே வந்தது. எங்கள் கொல்லையில் புல் முழங்கால் உயரம். டிராக்டர் வைத்தியர் வீட்டுக் கொல்லை வேறு எப்படி இருக்கும். அம்மா எதையோ தெரியாமல் இழுத்தாள், வயிற்றுக்கு அடியில் பிளேடு சுற்ற ஆரம்பித்தது. அவளுக்குப் பின்னால், கத்தரி வைத்து வெட்டின மாதிரி ஒரு கோடு விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வெட்டின கோடு நேராக இருந்தால் தையல்காரியால் அடுத்த கோட்டை வெட்டாமல் இருக்க முடியுமா? சுவர்வரை போய்த் திரும்பினாள். பக்கத்திலேயே ஒட்டினாற்போல இன்னொரு கோடு. இன்னொன்று. நாங்கள் நாலு ஆண்பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தோம். கொல்லையின் முக்கால்வாசி முடிந்தபோது பிரேக் எது என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. எழுந்து நின்றாள். வண்டி நின்றது.

“இது இங்க கூரை ஓரமா நிக்கட்டும்” என்றாள். “சீட்டை யாரும் மாத்தக்கூடாது. அது என் சீட்.”

“என் முதுகுக்கு…” என்று அப்பா ஆரம்பித்தார்.

“உங்களுக்குத் தலையணை தைச்சுத் தரேன்.”

அதோடு அது முடிந்தது. அப்பா ஷெட்டுக்குள் போனார். முதல் எஞ்சினை அவரே தூக்கினார். அவர் தூக்குகிற மாதிரி இல்லை, எஞ்சின்தான் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. லாரியில் வைத்தார், திரும்பிப் போனார், அடுத்ததைத் தூக்கினார். யாரும் சொல்லவில்லை. டாக்டர் மாமா பின்னாலேயே டப்பாக்களோடு வந்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். குடித்துவிட்டு, “ஜன்னல் பக்கம் மெஷின் போடாத, மழை அடிக்கும்” என்றார். அவ்வளவுதான்.

ஷெட் காலியானது. தரை சிமெண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, துடைப்பம் எடுத்து வரப் போனாள்.

டாக்டர் மாமா வெளியே டிராக்டரை ஒரு தடவை குனிந்து பார்த்தார். “பெல்ட் உதடு வெடிச்ச மாதிரி வெடிச்சிருக்கு” என்றார் யாரிடமோ. “ரொம்ப நாள் தாங்காது.” அப்பா காதில் விழாத மாதிரி கை கழுவிக்கொண்டிருந்தார். இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது சட்டம்.

லாரியின் மேல் ஏறிச் சாமானைச் சரியாக அடுக்கிக் கயிறு கட்டும் பொறுப்பு என்னுடையது. நான் கேட்டு வாங்கிய பொறுப்பு. இரும்புக்காரர் முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கட்டுரையின் அடுத்த பாகத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று யோசித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். இழுத்த இடத்தில் ஒரு டப்பாவின் மூடி கழன்று, உள்ளே பெல்ட்டுகள் தெரிந்தன. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்தது. அம்மா நேர்க்கோடாக வெட்டியிருந்த கொல்லையை ஒரு தடவை பார்த்தேன். பாக்கிக் கால்வாசி அப்படியே நின்றது.

பெல்ட்டைத் தோளில் மாட்டி அதன்மேல் சட்டைப் பொத்தானைப் போட்டேன்.

பக்கத்து டப்பாவில் காயில்கள் இருந்தன. நல்ல காயில் என்று இப்போது தெரிந்துவிட்ட காயில். அதை நசுக்கப் போகிறார்கள். ஒன்று கால்சட்டைப் பையில் சரியாகப் பொருந்தியது. அந்தப் பக்கப் பை சும்மா இருந்தால் நடை கோணலாகத் தெரியும் என்று அதில் இன்னொன்று.

“தம்பி, கட்டியாச்சா?” என்று இரும்புக்காரர் எட்டிப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். அவர் கண் சுருங்கியது. “காலைல பார்த்ததுக்கு இப்போ கொஞ்சம் எடை போட்டிருக்கீங்களே.”

“டீயில சர்க்கரை ஜாஸ்தி” என்றேன்.

லாரி போனது. நான் நடை வழியாக, துணிக் குவியலைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். குனிந்தேன். எதிர்ச்சுவர் தெரிந்தது. பெல்ட்டைச் சுருட்டிச் சுவரோரமாக வைத்து, காயில் இரண்டையும் அதன் நடுவில் வைத்தேன். எழுந்து நின்று, கட்டில் விரிப்பைத் தரை தொடுகிற அளவுக்கு இழுத்துவிட்டேன்.